கம்பங்கூழ்ப் பரீட்சை

இனிமேல் ஹர்ஷினிக்கு இட்லி கிடையாது என்று பேராசிரியர் ஸ்ரீராம்குமார் சட்டம் போட்டார். விருதுநகரில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்துகிறவர். காலையில் கம்பங்கூழ் குடிக்கிற பிள்ளைகளுக்கு யோசிக்கிற திறன் கூடுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி. மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் நடத்தும் முன் வீட்டிலேயே வெள்ளோட்டம். ஐந்து வயது மகளுக்கு இருபது நாள் கூழ், அப்புறம் பரீட்சை. அவருக்கு மட்டும் வழக்கம்போல் தோசை. ஆராய்ச்சி செய்கிறவர் ஆராய்ச்சிக்குள் மாட்டக் கூடாதாம்.

கூழைக் கண்டாலே பிள்ளை ஓங்கரிக்கிறாள் என்று மனைவி யோகேஸ்வரி சொல்லிப் பார்த்தாள். அறிவு சும்மா வளராது என்று சொல்லிவிட்டு, மகள் எழுந்திருக்கும் முன்பே தோசையைத் தின்று கல்லூரிக்குக் கிளம்பிவிடுவார். அவளும் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவருக்கு அந்த மௌனம் உறைத்திருக்க வேண்டும்.

இருபத்தோராம் நாள் சாயங்காலம் கரண்ட் இல்லை. மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்து மகளை எதிரே உட்கார்த்தினார். சிவகாசியில் அச்சடித்து வந்த பட அட்டைகள் ஒட்டிய உறைக்குள் அப்படியே இருந்தன. வழக்கமாக ஒரு நிமிஷம் சும்மா இராத பிள்ளை அன்றைக்கு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அவருக்குப் பின்னாலிருந்த சுவரையே பார்த்தது.

"கிளி கூடையில இல்லப்பா. பெட்டிக்குள்ள இருக்கு."

அவர் இன்னும் உறையைக்கூடப் பிரித்திருக்கவில்லை. பிரித்தார். முதல் அட்டையில் கூடை, பெட்டி, பெட்டிக்குள் கிளி.

"அந்த அக்காவுக்கு அது தெரியாது. பாவம், கூடையிலதான் தேடுவா."

இரண்டாவது அட்டையில் ஒரு பெண் கூடையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தாள். மூன்று, நான்கு என்று ஒன்பது அட்டைக்கும் திருப்புவதற்கு முன்பே பதில் வந்தது. குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. பெற்ற மகளைப் பார்க்கவே பயமாக இருந்தது.

"அடுத்ததுல ஒண்ணுமே இல்லப்பா."

பத்தாவது அட்டையைத் திருப்பினார். வெள்ளையாக இருந்தது.

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினார். நாளையிலிருந்து பிள்ளைக்கு இட்லிதான், கூழ் என்ற பேச்சே வீட்டில் கூடாது என்று சத்தியம் செய்தார். யோகேஸ்வரி அதை எழுதி வாங்கிக் கையெழுத்தும் போட வைத்தாள். பிறகு நிதானமாகக் கேட்டாள்.

"அட்டைய எங்கன அடிச்சீக?"

"உன் தம்பி பிரஸ்லதான். மச்சினன் சிவகாசியில பிரஸ் வச்சிருக்கையில வேற எங்கன அடிச்சாலும் குடும்பத்துல சண்டையில்ல வரும்."

"கதிரவன் புரூபை இங்கனதான் குடுத்துவிட்டான். திருத்திக் குடுத்ததே நான்தான். பதினஞ்சு நாளா பிள்ளைக்கிட்ட அந்தப் படத்தைக் காட்டித்தான் கதை சொன்னேன். கடைசி வெத்து அட்டையும் நான் வைக்கச் சொன்னதுதான்."

பேராசிரியருக்குப் போன உயிர் திரும்பியது. கூடவே ஆராய்ச்சியும் திரும்பியது. ஒன்பது படத்தையும் பிள்ளை வரிசை மாறாமல் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறதே, அது கம்பின் மகிமை இல்லையா என்று நிமிர்ந்து நின்று கேட்டார்.

"அவ தினமும் இட்லிதான் தின்னா. கம்பு பூராத்தையும் மாவுல கலந்து உங்களுக்குத்தான் தோசையா ஊத்துனேன்."