மப்பு மாஸ்டர் எடுத்த பாட்டில்லாத படம்

ஒஸ்லோ நகரத்திலே வெயிலைக் கண்டு கோபப்படுகிற மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் குரோருட் மாடிக் குடியிருப்பில் கீழ்த்தளத்தில் இருந்த மப்பு மாஸ்டர். குளிர்காலம் முழுக்க உள்ளே முடங்கிக் கிடந்த சனம், ஒரு துண்டு வெயில் விழுந்ததும் கதிரையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக்கு ஓடும். வெள்ளைக்காரர் புல்லிலே படுத்தே விடுவார்கள். மாஸ்டர் மட்டும் யன்னல் சீலையை இழுத்து மூடிக்கொண்டு, "சீ, இண்டைய நாளும் பழுதாப் போச்சு" என்பார். வானம் சாம்பல் பூசி, தூறலும் விழத் தொடங்கினால்தான் அவருக்கு முகம் மலரும். குடையில்லாமல் வாசலில் நின்று, "அக்கா, என்ன வடிவான வெளிச்சம் பாத்தியளோ!" என்பார். நான் பார்ப்பேன். நனைந்த குப்பைத் தொட்டிதான் தெரியும்.

மேகம் மூடிக் கிடப்பதை நாங்கள் மப்பு என்போம். அதிலே வந்த பெயர். அவர் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிப்பித்ததில்லை. ஆனால் ஆரைப் பிடித்தாலும் படிப்பிக்கிற மாதிரியே கதைப்பதால் மாஸ்டர் ஆனார். ஹவுகெட்டோவில் இருந்து எங்கள் குடியிருப்புக்கு மாறி வந்த சென்னைப் பெண் ஒருத்தி என்னிடம் மெதுவாக, "ஏம்மா, அவர் எப்பவுமே மப்புலதான் இருப்பாரா? பாத்தா ரொம்ப டீசன்ட்டா இருக்காரே" என்று கேட்டாள். அவர்கள் பக்கம் அது குடிவெறிக்குப் பெயராம். எனக்குத்தான் முன்பின் தெரியாதவர்களோடு வாய் திறக்க வராதே. தலையை ஆட்டி வைத்தேன். பிறகு கனகாலம் அவள் மாஸ்டரைக் கண்டால் மற்றப் பக்கத்தால் நடந்து போனாள்.

மாஸ்டர் நோர்வேக்கு வரமுன் இங்கிலாந்தின் வடக்கே, புகைபோக்கிகள் நிறைந்த ஒரு சின்ன நகரத்தில் வெதுப்பகம் ஒன்றில் மாவு குழைத்தவர். வேலை முடிந்து குளிருக்கு ஒதுங்க ஒரு பழைய தியேட்டருக்குள் போயிருக்கிறார். படத்திலே பாட்டில்லை, சண்டையில்லை. செங்கல் வீடுகள், மழை, ஒரு குசினி, கேத்திலில் கொதிக்கிற தண்ணி. ஒரு தொழிலாளி வீட்டுப் பொடியன் வேலைக்குப் போவதும் வருவதும்தான் கதை. "அக்கா, திரையிலை என்ரை தெரு! என்ரை வெதுப்பகத்துக்காரன் மாதிரியே ஒருத்தன் ஏசுறான்! நான் அழுதிட்டன்" என்று என்னிடமே பலதரம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு அந்த ஊர்ப் படங்கள்தான் வேதம்.

ஞாயிறு பின்னேரங்களில் குடியிருப்பின் நிலக்கீழ் மண்டபத்தில் வெள்ளைப் படங்கு ஒன்றைத் திரையாகக் கட்டி, அந்தப் படங்களை எங்களுக்குப் போட்டுக் காட்டினார். நாங்கள் வடையும் தேத்தண்ணியுமாகப் போனோம். முதல் நாள் எங்கள் குடியிருப்பு ராசம்மாக்கா பொறுமையாக இருந்து பார்த்துவிட்டுக் கேட்டா:

"மாஸ்டர், பாட்டு எப்ப வரும்?"

"வராது."

"சண்டை?"

"தேப்பன் ஒருக்கா அடிப்பார்."

"பிறகு?"

"பிறகு தேத்தண்ணி குடிப்பினம்."

"இதுக்கோ மாஸ்டர் நான் சீலை மாத்திக்கொண்டு வந்தனான்?"

ஆனாலும் விடாமல் போனோம். போகப் போக எங்களுக்கும் பிடிபட்டுவிட்டது. அந்தப் படங்களுக்குச் சில சட்டங்கள் உண்டு. வானம் எப்போதும் மப்பாக இருக்க வேண்டும். தகப்பனுக்கு வேலை போயிருக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் கத்த வேண்டும். தாய் அடுப்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டும். பொடியனுக்கு உலகத்திலே ஒரே ஒரு சந்தோசம் இருக்கும். படம் முடியமுன் அதையும் பறித்துவிடுவார்கள். கடைசியில் அவன் ஊருக்குப் பின்னாலுள்ள மலையில் ஏறி நின்று, கீழே தன் நகரத்தைப் பார்ப்பான். அவ்வளவுதான். மலை தெரிந்ததும் ராசம்மாக்கா கால்களால் செருப்பைத் தேடத் தொடங்குவா. "மலை வந்திட்டுது. எழும்புங்கோடி, முடியப் போகுது."

இப்படி இருந்த மனிதருக்கு ஒருநாள் தானே படம் எடுக்கிற ஆசை வந்தது. குரோருட்டில் நடக்கிற கதை. தொழிலாளி வீட்டுப் பொடியன் ஒருவன் வேண்டும். அவன் நடிகனாக இருக்கக் கூடாது. உண்மையான தொழிலாளியாக இருக்க வேண்டும். அதுவும் சட்டம்.

மாஸ்டர் கதவு கதவாகத் தட்டினார். "உங்கடை பிள்ளை தொழிலாளியோ?"

கேட்கிற கேள்வியா அது? எங்கள் சனம் இந்த நாட்டுக்கு வந்து கட்டடம் கூட்டியது, மீன் வெட்டியது, பஸ் கழுவியது எல்லாம் எதற்கு? கேட்டால் எங்கள் குடியிருப்பில் எல்லாப் பிள்ளைகளும் டொக்டர், எஞ்சினியர், கணக்காளர். தொழிலாளி என்று ஒரு பிள்ளை கிடையாது. ஒரு தாய் கதவைச் சாத்திய வேகத்தில் மாஸ்டரின் மூக்குக்கண்ணாடி கழன்று விழுந்தது. இன்னொரு தாய், "நாங்கள் உங்களுக்கு என்ன கெடுதல் செய்தனாங்கள் மாஸ்டர்?" என்று அழுதாவாம்.

என் வீட்டுக்கு மேல்மாடியில் தேவகி இருந்தா. நல்ல மனுசி, புருசன் இல்லை, பள்ளிக்கூடங்கள் கூட்டிக் கழுவி ஒரே மகனை வளர்த்தவ. மகன் சரண், தூரத்து ஸ்தவாங்கர் நகரத்தில் எண்ணெய் எஞ்சினியருக்குப் படிக்கிறான் என்பது ஊரறிந்த சங்கதி. ஆனால் நான் விடிய ரொட்டி வாங்கப் போகையில் அவனை லிப்டில் காண்பேன். ஸ்தவாங்கரில் இருப்பவன் இங்கே எப்படி என்று நான் கேட்கவில்லை. அவன் நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய் இருக்கும். பள்ளத்தாக்கின் கீழே லொறி திருத்துகிற கராஜில் அவன் வேலை பழகினான். தேவகி வீட்டில் விருந்து என்றால் சரண் அறைக்குள் இருக்க வேண்டும். புட்டும் கறியும் கதவிடுக்கால் உள்ளே போகும். தப்பித் தவறி ஆராவது கண்டுவிட்டால், "லீவிலை வந்து நிக்கிறான்" என்பா. ஸ்தவாங்கரில் வருசம் முழுக்க லீவு போலிருக்கிறது என்று சனம் நினைத்துக்கொண்டது.

மாஸ்டர் தன் நண்பரின் லொறியில் ஏறி அந்தக் கராஜுக்குப் போனபோது, ஒரு சக்கரத்தின் அடியிலிருந்து சரண் ஊர்ந்து வெளியே வந்தான். முகமெல்லாம் மசகு. மாஸ்டர் கும்பிடப் போய்விட்டாராம்.

சரண் ஒத்துக்கொண்டான். ஆனால் ஒன்று கேட்டான். அதை எனக்கு முன்னால் வைத்துத்தான் கேட்டான்.

"அங்கிள், என்ரை வேலையை உள்ளது உள்ளபடி எடுக்க வேணும். பழகி முடியுது, எனக்கு மெக்கானிக் எண்டு தொழில் பத்திரம் கிடைக்கப் போகுது. அம்மா ஒருக்கா, ஒரே ஒருக்கா, என்ரை மகன் மெக்கானிக் எண்டு வாய் திறந்து சொல்ல வேணும். அதுக்குத்தான் வாறன்."

"அதுக்கென்ன தம்பி, என்ரை படமே உள்ளது உள்ளபடிதான்" என்றார் மாஸ்டர்.

தாயாக நடிக்க ஆளில்லை. தேவகியைக் கேட்க முடியாது. மாஸ்டர் என்னைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன்.

"அக்கா, நீங்கள் ஒண்டும் கதைக்கத் தேவையில்லை. முகத்தையும் காட்ட வேண்டாம். அங்காலை திரும்பி நிண்டு உருளைக்கிழங்கு சீவினாச் சரி. உங்களை மாதிரி முதுகு ஒருத்தருக்கும் வராது."

அது புகழ்ச்சியா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

படப்பிடிப்பு என் குசினியில். மாஸ்டர் உள்ளே வந்து சுவரைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. "என்ன அக்கா இது, இவ்வளவு துப்பரவு? அந்தப் படங்களிலை இப்பிடி ஒரு குசினியைக் கண்டிருக்கிறியளோ?" என்று சொல்லிக்கொண்டே, என்னைக் கேட்காமல், தேயிலைச் சக்கையை அள்ளி அடுப்புக்குப் பின்சுவரில் எறிந்தார். அது ஒழுகி இறங்கியது. "இதுதான் வாழ்க்கை" என்றார். அவர் போனபின் நான் தேய்த்துக் கழுவிவிட்டேன். அடுத்த நாள் வந்து தலையில் கை வைத்தார். "ஐயோ அக்கா, வாழ்க்கையைக் கழுவிப் போட்டியளோ!" மறுபடி எறிந்தார். மறுபடி கழுவினேன். அழுக்கைக் கண்டால் என் கை சும்மா இராது. அவர் எறிய நான் கழுவ, படம் முன்னேறியது.

சரணோடு அவருக்கு வேறு கரைச்சல்.

"தம்பி, முகத்தைச் சோகமா வையும்."

"ஏன் அங்கிள்? நான் இந்த வேலையை விரும்பித்தான் செய்யிறன்."

"விருப்பம் முகத்திலை தெரியக் கூடாது. வேறை வழியில்லாமல் செய்யிற மாதிரி இருக்க வேணும். உம்மடை ஒரே சந்தோசம் இந்தக் கராஜ். கடைசியிலை முதலாளி உம்மை நிப்பாட்டுறான்."

"எங்கடை முதலாளி எனக்குக் கேக் வாங்கித் தந்தவர் அங்கிள்."

"கேக் தாற முதலாளியை எப்பிடி ஐசே படத்திலை காட்டுறது!"

கடைசிக் காட்சிக்காக எங்களைக் குடியிருப்புக்குப் பின்னாலுள்ள பாறை மேட்டில் ஏற்றினார். எனக்கு அங்கே வேலையில்லை; தேத்தண்ணிப் போத்தல் தூக்கத்தான் போனேன். கீழே எங்கள் கட்டடங்கள் வரிசையாகத் தெரிந்தன. சரண் அதைப் பார்த்துத் துக்கப்பட வேண்டும். அவன் சிரித்தான்.

"அந்தா எங்கடை பல்கனி. அம்மா போர்வை உதறுறா. இஞ்சையிருந்து பாத்தா எல்லாம் தீப்பெட்டி மாதிரித்தான் தெரியும் அங்கிள். பாவமாத்தான் இருக்கும். அம்மாவும் இப்பிடி எட்ட நிண்டுதான் என்னைப் பாக்கிறா. நீங்களும் எட்ட நிண்டு பாத்துப் பாவப்படுறியள். கிட்ட வந்து பாத்தால் என்ன?"

அந்த நேரம் பார்த்து வெயில் வேறு வந்து தொலைத்தது. மாஸ்டர் கமராவை மூடிக்கொண்டு, ஒன்றும் கதைக்காமல் இறங்கிப் போனார். அவர் கதைக்காமல் நடந்ததை நான் கண்டது அன்றுதான்.

இலையுதிர்காலத்தில், முதல் உறைபனி விழுந்த கிழமை, படம் மண்டபத்தில் காட்டப்பட்டது. எல்லாச் சனமும் வந்தது. தேவகியும் வந்தா. விசயம் எப்படியோ அவவின் காதுக்குப் போயிருந்தது. ஆனால் அவ கெட்டிக்காரி. முன்வரிசையில் இருந்து எல்லாருக்கும் முந்திக்கொண்டு சொன்னா: "என்ரை மகன் மெக்கானிக்கா நடிக்கிறான். ஸ்தவாங்கரிலை படிப்புக்கு நடுவிலை, மாஸ்டர் கெஞ்சிக் கேட்டபடியால்."

படம் தொடங்கியது. சரண் லொறிக்கடியில் படுத்திருக்கிறான். சக்கரத்தைக் கழற்றுகிறான். சனம் வாயைப் பிளந்தது.

"எப்பிடி நடிக்கிறான் பார்! அசல் மெக்கானிக் மாதிரி!"

"உந்த நட்டுச் சாவியைப் பிடிக்கிற பிடியைப் பாருங்கோ. எத்தினை நாள் பழகினவனோ!"

"எஞ்சினியர் மூளையல்லோ, பாத்தவுடனை பிடிச்சிடும்."

மாஸ்டர் பின்னாலிருந்து பொறுக்க முடியாமல், "அது நடிப்பில்லை! என்ரை படத்திலை ஒருத்தரும் நடிக்கிறேல்லை!" என்று கத்தினார். "மாஸ்டருக்கு அடக்கம்" என்றது சனம். தேவகி தலையை நிமிர்த்திக்கொண்டா. நான் திரும்பிப் பார்த்தேன். கதவோரம் நின்ற சரண், ஜாக்கெட்டை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். பொடியன் போகப் போகிறான்.

"மலை வரேல்லையே, எப்பிடி முடிக்கப் போறார்?" என்று ராசம்மாக்கா செருப்பில் காலை வைத்தபடி கேட்டா.

மலை வரவில்லை. என் குசினி வந்தது. படம் பிடித்த நாட்களில் ஒருநாள் யன்னலால் வெயில் விழுந்துவிட்டதென்று மாஸ்டர் வெளியே போய் வானத்தோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். கமராவை நிற்பாட்ட மறந்துவிட்டார். அந்த நேரம் சரண், "அன்ரி, வீட்டை போகமுன் இந்தக் கறுப்பைப் போக்க வேணும், அம்மா கண்டால் அழுவா" என்று கைகளை நீட்டினான். நான் தேங்காயெண்ணெயும் சீனியும் போட்டு அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தேய்த்துக் கொடுத்தேன். அவ்வளவுதான். திரை நிறைய வெயில், அதிலே என் முதுகு, அந்தப் பிள்ளையின் கைகள், அவன் குரல். மாஸ்டர் அதைத்தான் கடைசிக் காட்சியாக வைத்திருந்தார். வெயிலோடு!

தேவகி எழும்பினா.

"அது நடிப்பில்லை" என்றா. "என்ரை மகன் மெக்கானிக். லொறி மெக்கானிக். ஸ்தவாங்கரிலை ஒருத்தரும் இல்லை." பிறகு என் பக்கம் திரும்பி, கோபமா அழுகையா தெரியாத குரலில், "அக்கா, அது நான் கழுவ வேண்டிய கை" என்றா.

கதவோரம் நின்றவன் நின்றபடியே நின்றான். ஜாக்கெட்டின் ஒரு கை மட்டும் மாட்டியிருந்தது.

முதலில் வாய் திறந்தது ராசம்மாக்காதான். "அப்ப தம்பி, என்ரை காருக்குப் பனிக்கால ரயர் மாத்தித் தருவீரோ?"

"எனக்கும் மாத்த வேணும்!"

"நான் முதல் கேட்டனான்!"

முழு மண்டபமும் சரணைச் சுற்றிக்கொண்டது. மூலையில் ஒரு தாய், தன் மகள் பல் வைத்தியர் இல்லை, பல் வைத்தியரின் உதவியாள்தான் என்று தானாகவே சொல்லிவிட்டு, ஒரு வடையை எடுத்துக் கடித்தா. தேவகி சனத்தை விலக்கிக்கொண்டு போய் மகனின் கையைப் பிடித்தா. அப்புறம் விடவேயில்லை.

மாஸ்டர் மட்டும் படங்கைச் சுருட்டியபடி முணுமுணுத்தார். "எல்லாரும் சிரிக்கினம். படம் பழுதாப் போச்சு அக்கா." சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

போன வருசம் மகளோடு இருக்கவென்று அவர் இங்கிலாந்தின் வடக்குக்கே போய்விட்டார். அங்கே வேண்டிய அளவு மப்பு இருக்குமாம். போகிற அன்று விடைபெற என் வீட்டுக்கு வந்தவர், தேத்தண்ணி குடித்து முடித்து, நான் பாராத நேரம் அடுப்புக்குப் பின்சுவரில் சக்கையை எறிந்துவிட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்துதான் கண்டேன்.

துணியை நனைத்துக்கொண்டு போனேன். பிறகு துணியைப் பிழிந்து காயப் போட்டுவிட்டேன். அந்தக் கறை இன்னும் அங்கேதான் இருக்கிறது.