ஆறு வீட்டு விசில்காரர்

கரண்டியையே தொடாமல் ஊருக்கே சோற்றைப் பதமாக வேகவைத்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் அக்காள்மடத்தில் இருக்கிறார். பந்தயம் கட்டிச் சொல்வேன். அவருக்கு ரேஷன் கார்டில் ஒரு பெயர் இருக்கும்தான். நாங்கள் யாரும் அதைப் பார்த்ததில்லை. எங்களுக்கு அவர் விசில்காரர்.

எனக்கு வேலை கிடைத்து, பெண் கிடைக்காத காலம் அது. பாம்பனுக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் அந்த ஊரில் ஒண்டியாகக் குடியிருந்தேன். வரிசையாக ஆறு வீடு, முன்னால் ஒரே தாழ்வாரம், பொதுவில் ஒரு தண்ணீர்க் குழாய். ஆறு சமையலறைக்கும் ஜன்னல் அந்தத் தாழ்வாரத்தைப் பார்த்துத்தான். காலை ஏழரை மணிக்கு ஆறு அடுப்பிலும் ஆறு குக்கர் ஏறிவிடும். அதற்குப் பிறகு எந்த விசில் யாருடையது என்று படைத்தவனுக்கே தெரியாது.

மூன்றாவது விசிலில் அடுப்பை அணை என்று அம்மா சொல்லி அனுப்பியிருந்தாள். நான் பல் துலக்கிக்கொண்டே எண்ணுவேன். முதல் விசில் பக்கத்து வீட்டுப் பருப்பு. இரண்டாவது கடைசி வீட்டு உருளைக்கிழங்கு. மூன்றாவது யாருடையதோ. ஓடிப்போய் அணைத்துவிட்டுத் திறந்தால் அரிசி போட்டது போட்டபடி என்னைப் பார்க்கும். என்னுடைய குக்கர் அதுவரை வாயே திறந்திருக்காது. மூன்றாவது வீட்டு டீச்சருக்கு நேர்மாறான கஷ்டம். நம்முடையது இன்னும் அடிக்கவில்லை என்று காத்திருந்து காத்திருந்து அவர் வீட்டில் பருப்பெல்லாம் கூழாகிவிடும். உங்கள் குக்கரைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள் என்று பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லத் தொடங்கி, குழாயடியில் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது.

அந்த நேரத்தில்தான் முதல் வீட்டுச் செல்வியின் அப்பா வந்து சேர்ந்தார்.

அபிராமத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். சொந்தமாகக் கொஞ்சம் நிலம், மிச்ச நாளெல்லாம் அடுத்தவர் மிளகாய்க் காட்டில் கூலி. நாற்பது வருடம் குத்தவைத்தே களை எடுத்தவர், குத்தவைத்தே பழம் பறித்தவர். அறுபதைத் தாண்டியதும் இரண்டு முட்டியும் வேலை நிறுத்தம் அறிவித்துவிட்டன. குத்தவைக்கக் கூடாது, சம்மணம் போடக் கூடாது, படி ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த மூன்றும் கூடாது என்றால் எங்கள் ஊரில் செய்வதற்குப் பாக்கி இருப்பது தூக்கம் மட்டும்தான் என்பார் அவர். நடக்கும்போது முட்டி இரண்டும் மாறி மாறிச் சொடுக்கும். ஆள் வருவதற்கு முன்னால் சத்தம் வந்துவிடும். உட்கார ஒரு நிமிடம், எழுந்திருக்க மூன்று நிமிடம். அதனால் ஒருமுறை உட்கார்ந்தால் உலகம் அழிந்தாலும் எழுந்திருக்கமாட்டார் என்று செல்வி கேலி செய்வாள்.

அவர் வந்ததே வைத்தியத்துக்குத்தான். சூடான கடல் மணலில் முட்டி மூடும்படி புதைத்துக்கொண்டு நின்றால் மூட்டுவலி போகும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். செல்வியின் புருஷன் தனுஷ்கோடிக்கு வேன் ஓட்டுகிறவர். ஒரு மத்தியானம் மாமனாரைக் கொண்டுபோய், கடற்கரையில் குழி தோண்டி, தொடைவரை புதைத்து நிறுத்திவிட்டு அடுத்த சவாரிக்குப் போய்விட்டார். வெயிலும் கடல்காற்றும் சேர்ந்து இவரை நின்றபடியே தூங்கவைத்துவிட்டன. வெள்ளை வேட்டி, நெஞ்சுவரை தாடி, மூடிய கண்கள், பாதி உடம்பு பூமிக்குள். ஒரு பஸ் நிறைய வந்திறங்கிய வடநாட்டு யாத்ரீகர்கள் பார்த்தார்கள். பெரிய தவசி என்று முடிவு கட்டி வரிசையில் நின்றார்கள். மருமகன் திரும்பி வந்தபோது மாமனார் கழுத்தில் மூன்று மாலை, எதிரில் ஒரு சீப்பு வாழைப்பழம். அவரோ தூக்கம் கலையாமலே வலது கையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்துகொண்டிருந்தாராம். அலை வந்து தொடையைத் தொட்ட பிறகுதான் கண் விழித்தாராம். முட்டி குணமாகவில்லை. ஆனால் கடல் சத்தம் அவர் காதுக்குள் குடியேறிவிட்டது.

மகள் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவது அவருக்கு ஒத்துவரவில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணைக் கொடுத்த வீட்டில் அப்பன் இரண்டு நாளைக்கு மேல் தங்கினால், சோற்றோடு கூச்சத்தையும் சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். அதனால் வேலை தேடினார். ராமேஸ்வரத்தில் ஒரு சங்குக் கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார்கள். வருகிறவர்களுக்குச் சங்கை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை. இவர் ஒவ்வொரு சங்கையும் காதில் வைத்துக் கேட்பார். கண் சொருகிவிடும். நன்றாக இரைகிற சங்கை எல்லாம் இது விற்பதற்கில்லை என்று பின்னால் வைத்துவிடுவார். ஊமைச் சங்குகளை மட்டும் எடுத்து நீட்டி, இதில் ஒன்றும் கேட்காது என்ற உண்மையையும் சொல்லிவிடுவார். நாலாம் நாள் கடைக்காரர் கைகூப்பி அனுப்பிவைத்தார்.

செல்வியின் குக்கர் கைப்பிடி கழன்றது அந்த வாரம்தான். கடையில் சரிசெய்து கொடுத்ததை இவர் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறார். ஒரு திருப்புளி, ஒரு திருகாணி, ஒரு ரப்பர் வளையம். முக்கியமான சங்கதி, செய்தவன் நாற்காலியில் உட்கார்ந்து செய்தான். குனியவில்லை, குத்தவைக்கவில்லை. இவருக்கு அது ஞானோதயம். மறுநாளே வாசலில் பூவரச மரத்தடியில் கடை போட்டுவிட்டார்.

கடை என்றால் ஒரு மேசை, ஒரு நாற்காலி. முட்டி அதிகம் மடங்கக் கூடாது என்பதற்காக உடைந்த வள்ளத்தின் பலகைகளை அடுக்கி, அதன்மேல் நாற்காலியை ஏற்றியிருந்தார். குக்கரோடு வருகிறவர்கள் அண்ணாந்துதான் பேச வேண்டும். பார்த்தால் கலெக்டரிடம் மனுக் கொடுப்பதுபோல இருக்கும். உப்புக்காற்றில் திருகாணி துருப்பிடிக்காத வீடு எங்கள் தீவில் கிடையாது. அதனால் மனுக்களுக்குப் பஞ்சமில்லை.

விசில் வைத்தியத்தை ஆரம்பித்தது என்னால்தான். வேகாத சோற்றைத் தட்டோடு கொண்டுபோய் அவரிடம் காட்டி அழாத குறையாகச் சொன்னேன். அவர் கண்ணை மூடி நெடுநேரம் இருந்தார். தூங்கிவிட்டார் என்று நான் திரும்பியபோது, ஆறு வீட்டு விசிலையும் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். உள்ளே இருக்கும் ஓட்டையைத் தொடவே இல்லை. தலைப்பக்கம் மட்டும் ஒன்றுக்குச் செம்புக் கம்பி ஒரு சுற்று, ஒன்றுக்கு இரண்டு சுற்று, ஒன்றுக்கு மெல்லிய பித்தளை வளையம். புதுசாகக் கல்யாணமான இரண்டாம் வீட்டு விசிலில் கொலுசு மணி ஒன்றைக் கோத்துவிட்டார். மறுநாள் காலை ஏழரை மணிக்கு ஆறு வீடும் ஆறு குரலில் பேசின. டீச்சர் வீட்டு விசில் அதட்டியது. கடைசி வீட்டு விசில் கொட்டாவி விட்டது. என்னுடையது ஒருமுறை தொண்டையைச் செருமிக்கொண்டு பிறகுதான் அடித்தது. அன்று முதன்முதலாக என் சோறு வெந்தது. குழாயடியில் பேச்சுவார்த்தையும் திரும்பியது.

அதன்பிறகு அவருக்குக் காலைப் பொழுது என்பது ஒரு கனவு. கையில் யாருடைய மூடியோ இருக்கும், திருப்புளி பாதித் திருகலில் நிற்கும், கண் அரைவாசி மூடியிருக்கும். பூவரசம்பூ ஒன்று மேசையில் விழுந்து கிடக்கும். மரத்துக்குப் பின்னால் கடல் அசையாமல் கிடக்கும். ஒவ்வொரு விசிலுக்கும் அவர் தலை இலேசாக ஆடும். டீச்சர் வீட்டில் கேஸ் தீரப்போகிறது என்பார். மாலையில் தீர்ந்திருக்கும். இரண்டாம் வீட்டில் ஐந்து விசில் போய்விட்டது, புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளவில்லைபோல என்பார். அதுவும் சரியாக இருக்கும். நானும் ஆபீஸ் போகிற அவசரத்தை மறந்து அவர் பக்கத்தில் நின்றுவிடுவேன். அந்தப் பத்து நிமிடத்தில் எங்கள் தெருவே யாரோ காணும் கனவுபோல எனக்குத் தோன்றும்.

என்னிடம் மட்டும் அவருக்கு ஒரு குறை. மூடியை வெளிச்சத்தில் தூக்கி, ஆவி வருகிற ஓட்டை வழியாக மறுபக்கம் தெரிகிறதா என்று தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார். நான் பார்க்கவில்லை என்பது அவருக்கு எப்படியோ தெரியும்.

"கத்துற குக்கரு ஒண்ணுஞ் செய்யாது தம்பி. பேசாம இருக்குறதுதான் வெடிக்கும்" என்பார்.

ஒரு சனிக்கிழமை அவருடைய திருப்புளி காலையிலிருந்து அசையவே இல்லை. என்ன என்று கேட்டேன். மகன் கருப்பையா ஊரிலிருந்து நாளைக்கு வருகிறானாம், அழைத்துப் போக. போய்த்தான் பாருங்களேன், கட்டில் போட்டுச் சோறு போடுவார்கள் என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"போடுவாக. கொற வைக்க மாட்டாக. ஆனா அங்கன யாரும் எங்கிட்ட ஒண்ணக் கொண்டாந்து, இதக் கொஞ்சம் பாருங்கன்னு கேக்க மாட்டாக தம்பி."

கனவிலேயே இருக்கிற மனிதர் அன்று முழுக்க விழித்திருந்தது எனக்கு என்னவோபோல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்குக் கருப்பையா வந்தார். கையில் கனமான கட்டைப்பை. அதைக் கீழே வைக்காமலே பேச ஆரம்பித்துவிட்டார். நான் தட்டைப்பயறும் அரிசியும் குக்கரில் போட்டு அடுப்பில் ஏற்றிவிட்டு, நியாயம் பேசுகிற சாக்கில் வேடிக்கை பார்க்கப் போனேன்.

"கெளம்புங்கய்யா. ஊருல என்னையத்தான் கேவலமாப் பேசுறாக. பெத்த அய்யாவ ரோட்டுல குக்கரு கழுவ விட்டுட்டான்னு."

"கழுவல. ரிப்பேரு பாக்குறேன்."

"என்னவோ ஒண்ணு. முட்டி ரெண்டும் போயிருச்சு. இனி வீட்டுல ஒக்காந்து சாப்புடுங்க."

"ஒக்காந்துதாம்லே வேலயே பாக்குறேன்."

செல்வி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கருப்பையாவுக்கு முகம் சிவந்தது. வேனை வரச் சொல்லியாகிவிட்டது, துணியை எடுத்து வை என்று தங்கையிடம் சொன்னார். அவள் அப்பாவைப் பார்த்தாள். அப்பா யாரையும் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். சரி, போவதற்குச் சம்மதித்துவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

"தம்பி, ஒங்க குக்கரு பேசல" என்றார்.

இனிமேல் அடிக்கும் என்றேன்.

"டீச்சர் வீட்டுல ரெண்டு போயிருச்சு. அவுகளுக்கு முந்தி வச்சது நீங்க. இன்னும் செருமக்கூட இல்ல."

ஓடினேன். குக்கர் அடுப்பில் நின்று உடம்பெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. புத்தியுள்ளவன் அடுப்பை அணைப்பான். நான் கரண்டியை எடுத்தேன். விசில் தலையில் ஒரு தட்டுத் தட்டினால் அடிக்கும் என்பது என் நெடுநாள் நம்பிக்கை. ஓங்கிய கையைப் பின்னாலிருந்து ஒரு கை இறுக்கிப் பிடித்தது. இன்னொரு கை என்னைத் தாண்டி நீண்டு அடுப்பை அணைத்தது.

விசில்காரர்.

எழுந்திருக்க மூன்று நிமிடம் எடுப்பவர். நடந்தால் சொடுக்குச் சத்தம் தெருவைத் தாண்டுமே, அன்று அதுகூட எனக்குக் கேட்கவில்லை. எப்படி எழுந்தார், எப்படி வந்தார் என்பது ஆறு வீட்டில் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது. எல்லாரையும் வெளியே விரட்டிவிட்டு, குக்கர் தானாக ஆறும்வரை வாசலை மறித்து நின்றார். பிறகு மூடியைத் திறந்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஓட்டையை அடைத்துக்கொண்டு ஒரு பயற்றுத் தோல். அவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த தடவை பார்த்து வையுங்கள் என்று மட்டும் சொன்னார்.

பிரச்சினை அதற்குப் பிறகுதான். அவரால் உட்கார முடியவில்லை. அவசரத்தில் எழுந்த முட்டி மடங்க மறுத்துவிட்டது. மூன்று மணிவரை மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். கருப்பையா மண்ணில் உட்கார்ந்து அப்பாவின் முட்டிக்கு எண்ணெய் தேய்த்தார். அந்த நேரத்தில் குக்கரோடு இரண்டு பேர் வந்து நின்றார்கள். இவர் நின்றபடியே கேஸ்கட் மாற்றிக் கொடுத்தார். மகன் எண்ணெய்க் கையோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெருவில் வேன் வந்து நின்றது. துணியை எடுத்து வை என்று இந்தத் தடவை அவர் சொல்லவில்லை.

கையைத் துடைத்துக்கொண்டு கட்டைப்பையை எடுத்தார். கொஞ்சம் தயங்கினார். உள்ளேயிருந்து கைப்பிடி ஆடுகிற ஒரு குக்கரை வெளியே எடுத்து மேசையில் வைத்தார். கிளம்பும்போது அவர் பெண்டாட்டி திணித்து அனுப்பியிருக்கிறாள்.

"அய்யா, இதக் கொஞ்சம் பாருங்க" என்றார், வேறெங்கோ பார்த்துக்கொண்டு.

விசில்காரர் அதை வாங்கிக் காதருகில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டினார். ஒரு வாரம் ஆகும், வேலை நிறையக் கிடக்கிறது என்றார். அப்புறம் மெதுவாக, மிக மெதுவாக, நாற்காலியில் உட்கார்ந்தார். கருப்பையா தனியாகத்தான் ஊருக்குப் போனார்.

எனக்கு மாற்றல் வந்து, கல்யாணமும் ஆகி, இப்போது கோயம்புத்தூரில் ஐந்தாவது மாடியில் இருக்கிறேன். சுவிட்சைத் தட்டினால் தானே சமைத்துத் தானே அணைந்துவிடுகிற பாத்திரம் என் மனைவியிடம் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்தப் பழைய குக்கரின் மூடியைத் தூக்கி, ஓட்டை வழியாக வெளிச்சம் பார்க்கிறேன். அடுப்பில் ஏற்றுகிறேன். அக்காள்மடத்துக்குப் போன் போட்டு, "ஐயா, இதைக் கொஞ்சம் பாருங்க" என்று போனை அடுப்புப் பக்கம் நீட்டுகிறேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். குக்கர் தொண்டையைச் செருமும். மூன்றும் அடித்து முடிந்தபின் கேஸ்கட் தளர்ந்திருக்கிறது, மாற்றுங்கள் என்பார். சரி என்பேன். எங்கள் வீட்டுக்குக் கீழேயே கேஸ்கட் விற்கிற கடை இருக்கிறது. ஆனால் மாற்றிவிட்டால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் என்ன சொல்வார் என்று, நான் இன்னும் மாற்றாமல் வைத்திருக்கிறேன்.