முப்பத்தோராம் நாள் கப்பல்

பாடன், சுவிஸ்
27.05.2018

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய பெரியக்கா தில்லைநாயகி அவர்களுக்கு,

தம்பி தயாநிதி தலை குனிந்து எழுதுவது. இங்கு நானும் கலாவதியும் பிள்ளைகள் ரிஷானி, மிதுன் இருவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். வன்கூவரில் நீங்களும் பூரண சுகத்தோடு இருக்கிறீர்கள் என்பது எனக்கு நன்றாகத் தெரியும். மற்றவர்களுக்கும் அதைத் தெரியப்படுத்தும் வழியைத்தான் சில நாள்களாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்பது நாள்களாக நீங்கள் என் தொலைபேசியை எடுக்கவில்லை. வாட்சப்பில் இரண்டு நீலக் கோடு விழுகிறது, பதில் வருவதாக இல்லை. கடைசியாக நீங்கள்தான் எடுத்தீர்கள். "தம்பி, நான் எப்ப செத்தனான்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டீர்கள். பதின்மூன்றாந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, அக்கா. ஏன் அந்தத் திகதி வந்தது என்பதை விளக்கத்தான் இந்தக் கடிதம்.

உங்கள் அறுபதாவது பிறந்தநாளை அலாஸ்காவில் பனிப்பாறைக்கு முன்னால் கொண்டாடுவது என்று தீர்மானித்து, வன்கூவரிலிருந்து ஏழு நாள் கப்பல், பிறகு ஐந்து நாள் ரயிலிலும் பேருந்திலும் காடு பார்ப்பது என்று நீங்கள் இரண்டு வருடமாகத் திட்டம் போட்டீர்கள். பிள்ளைகுட்டி இல்லாத உங்களுக்கு என்னுடைய இரண்டும்தான் பிள்ளைகள் என்றபடியால் அவர்கள் திமிங்கிலம் பார்க்க வசதியாகக் கடல் பக்கத்து அறையே பிடித்தீர்கள். பதினொரு பட்டியல் அனுப்பினீர்கள். நுளம்பு கடிக்காமல் முகத்துக்கு வலை தொங்கும் தொப்பி யார் தலைக்கு என்ன அளவு, கப்பல் ஆடினால் இஞ்சியை எப்படி வெட்டிக் கடிப்பது, காட்டுப் பேருந்தில் எட்டு மணித்தியாலம் மிதுனை எப்படி இருத்தி வைப்பது, கரடியைக் கண்டால் என்ன செய்வது என்று ஒன்றையும் விடவில்லை. "ஓடக்கூடாது. நிண்ட இடத்திலை நிண்டு ஆறுதலாக் கதைக்க வேணும்" என்று நீங்கள் எழுதியதை மிதுன் வெட்டிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறான். அவன் மூன்று மாதமாகத் தூரக்கண்ணாடியைக் கழுத்தில் கொழுவிக்கொண்டுதான் படுக்கிறான். இத்தனை வேலையிலும் எனக்கென்று நீங்கள் ஒதுக்கியது ஒன்றே ஒன்று, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் லீவு எடுப்பது. அந்த ஒரு வேலையைச் செய்யப் போன இடத்தில்தான் உங்களைச் சாகடித்தேன்.

இங்கே நினைத்தபாட்டுக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் போகாமல் மறிக்க முடியாது. காரணம் சொல்லாமல் நிற்க வருடத்துக்கு இரண்டு நாள் தருவார்கள், யோக்கர் நாள் என்று பெயர். ஒன்று கோயில் தேருக்கும் மற்றது பாரிசில் கலாவதியின் ஒன்றுவிட்ட தம்பியின் கலியாணத்துக்கும் போய்விட்டது. கோடை விடுமுறை ஜூலையில், உங்கள் கப்பலோ ஜூன் பன்னிரண்டு. ரிஷானியின் ஆசிரியை ஃப்ராவ் ப்ரூனரிடம் உண்மையைச் சொல்லிக் கேட்பது என்ற நல்ல எண்ணத்தோடுதான் பதினாலாந் திகதி போனேன். எனக்கு முதல் உள்ளே போன தாயும் தகப்பனும் முகம் சிவந்து வெளியே வந்து, மாலைதீவு போக லீவு தர மறுத்துவிட்டார் என்று என்னிடமே புறுபுறுத்துவிட்டுப் போனார்கள். அதோடு என் நல்ல எண்ணம் பாதி போய்விட்டது.

"கனடாவில் அக்காவிடம் போக வேண்டும்" என்று தொடங்கினேன். அதுவரை உண்மை. "ஏதும் சுகமில்லையா?" என்று ஃப்ராவ் ப்ரூனர்தான் கேட்டார். உங்களுக்கு முழங்கால் உளைவு இருக்குத்தானே, அது பொய்யாகாது என்று நினைத்து ஓம் என்றேன். "கடுமையா?" என்றார். ஓம் என்றேன். "ஆஸ்பத்திரியிலா?" அதற்கும் தலையை ஆட்டினேன். "ஐயோ, அப்படியென்றால்…" என்று அவர் கையை நெஞ்சில் வைத்தார். நான் உங்களை ஒரே அடியாகக் கொல்லவில்லை, அக்கா. அந்த மனுசி இரக்கத்தோடு ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டு போனார், நானும் ஓம் ஓம் என்று பின்னாலே போனேன். அடியில் போய்ச் சேர்ந்தபோது "போய்விட்டார்" என்று என் வாயே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னைச் சந்தேகிக்கவே இல்லை. ஏன் சந்தேகிக்கவில்லை என்பதை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை. ஒன்றை மட்டும் கேட்டார், செத்தவீட்டுக்கு ஏன் ஜூன் மாதம் போகிறீர்கள் என்று. எங்களில் முப்பத்தோராம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைதான் பெரிது, சொந்தக்காரர் எல்லாரும் நிற்க வேண்டும் என்று விளங்கப்படுத்தினேன். சொல்லிக்கொண்டே மேசைக்குக் கீழே விரல் மடித்து, கப்பல் வெளிக்கிடும் நாள் முப்பத்தொன்றாக வர வேண்டுமென்றால் நீங்கள் எப்போது செத்திருக்க வேண்டும் என்று பின்னுக்கு எண்ணினேன். மே பதின்மூன்று வந்தது. அதைத்தான் எழுதிக் கொடுத்தேன்.

இனி எழுதக் கை கூசுகிறது. வீட்டில் ஒருவருக்கும் நான் மூச்சு விடவில்லை. அடுத்த நாள் காலை ஃப்ராவ் ப்ரூனர் வகுப்பில் மெழுகுதிரி ஏற்றி வைத்து, ரிஷானியின் மாமி இறந்துவிட்டார், எல்லாரும் அவளோடு அன்பாக இருங்கள் என்று சொல்லியிருக்கிறார். உங்களைப் பற்றியும் உங்கள் கப்பலைப் பற்றியும் ஒரு வருடமாக அந்த வகுப்பில் பீற்றிக்கொண்டு திரிந்த பிள்ளை அவள். அத்தனை பேருக்கு முன்னால் மேசையில் தலையை வைத்துக் கத்தி அழுதாளாம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துக்கு அழைப்பு வந்து, சமையல் ஏப்ரனோடு ஓடிப்போய் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தேன். பேருந்துத் தரிப்பில் வைத்துத்தான், "மாமிக்கு ஒண்டுமில்லையம்மா, நான் லீவுக்காகச் சும்மா சொன்னனான்" என்றேன். அழுகை நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"அப்ப நான் என்னத்துக்கப்பா அழுதனான்?"

அதற்கு நான் சொன்னது, கேவலம், "இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை" என்பதுதான். அன்றிலிருந்து என்னோடு அளவாகத்தான் கதைக்கிறாள். பள்ளிக்கூட வேலை என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு டப்லெட் கணினியோடு இருக்கிறாள். வகுப்புப் பிள்ளைகள் இருபத்தொரு பேர் கீறிக் கொடுத்த அனுதாப அட்டைகள் அவள் மேசையில் கிடக்கின்றன. ஒன்றில் ஒரு கரடி அழுகிறது. இன்னொரு பெடியன், சொர்க்கத்தில் நுளம்பு இல்லை, உன் மாமிக்குத் தொப்பி தேவைப்படாது என்று எழுதியிருக்கிறான்.

அதே வகுப்பில்தான் வேணுகாவும் படிக்கிறாள். அவளுடைய தாய் சிவகலாவை உங்களுக்குத் தெரியும், போன வருடம் நீங்கள் வந்தபோது கோயிலில் உங்களை விடாமல் பிடித்துக் கதைத்தவ. அன்று பின்னேரம் கலாவதி பாரை மீன் பொரித்துக்கொண்டிருந்தாள். மணி அடித்தது. வாசலில் சிவகலாவும் பின்னால் மூன்று பெண்களும் இடியப்பமும் சொதியும் சம்பலுமாக நிற்கிறார்கள்.

"கேள்விப்பட்ட உடனை ஓடி வாறம் கலாவதி. அடுப்பு மூட்டியிருக்க மாட்டியள் எண்டு…" என்று தொடங்கிய சிவகலாவுக்கு மீன் வாசம் போய் அடித்தது. "மூட்டியிருக்கிறியள்" என்றா.

"என்ன கேள்விப்பட்டனீங்கள்?" என்று கலாவதி கேட்டாள்.

"தில்லையக்கா மோசம் போனதை."

"ஐயோ என்ரை மச்சாள்!" என்று கலாவதி அகப்பையோடு நிலத்தில் இருந்துவிட்டாள். நான் குளியலறை வாசலில் நின்றேன். "இல்லை" என்ற ஒரு சொல் போதும். நாலு பெண்கள் முன்னால் அந்தச் சொல் என் வாயில் வரவில்லை. சிவகலா தானே போய் அடுப்பை நிற்பாட்டி, செத்தவீட்டில் ஆர் கண்ணிலும் படக்கூடாதென்று மீனைப் பேப்பரால் மூடினா. பிறகு எல்லாரையும் இருத்தி, எனக்கும் ஒரு கோப்பையில் போட்டுத் தந்தா. உங்கள் செத்தவீட்டுச் சாப்பாட்டை நான் இருந்து சாப்பிட்டேன், அக்கா. இரண்டாந்தரம் சொதியும் விட்டுக்கொண்டேன்.

அவர்கள் போன பிறகு கலாவதியிடம் உண்மையைச் சொன்னேன். "விடிஞ்ச உடனை ஒவ்வொருத்தருக்கா அடிச்சுச் சொல்லுங்கோ. அதுவரைக்கும் அந்த மீனிலை நீங்கள் கை வைக்கப்படாது" என்றாள். மீன் இன்னும் குளிர்ப்பெட்டியில்தான் இருக்கிறது.

விடிந்தது. நான் போனைத் தூக்க முதல் கோயில் தர்மகர்த்தா சண்முகநாதன் அண்ணை எடுத்துவிட்டார். "தம்பி, கவலைப்படாதை. உனக்குச் செத்தவீட்டுத் துடக்கெண்டபடியால் சனிக்கிழமை உபயத்தை வேறை ஆளுக்கு மாத்திவிட்டிட்டன். அறிவித்தலும் போடச் சொல்லிப்போட்டன், காசு ஒண்டும் நீ தர வேண்டாம்" என்றார். அவ்வளவு பெருந்தன்மையாகக் கதைக்கிற மனுசனிடம், அண்ணை, அக்கா இப்போது வன்கூவரில் நித்திரை என்று எப்படிச் சொல்வது? "பெரிய உபகாரம் அண்ணை" என்றேன். அந்த அறிவித்தல்தான் அடுத்த நாள் இணையத்தில் நீங்கள் பார்த்த கண்ணீர் அஞ்சலி. படம் போன வருட அன்னதானத்தில் எடுத்தது. கையில் பாதி வடையோடு சிரிக்கிறீர்கள், வடையை வெட்டிவிடுமளவுக்கு அவர்களுக்குத் தெரியவில்லை. வயது அறுபத்தெட்டு என்று போட்டது நான் சொல்லி அல்ல. அது அண்ணையின் மதிப்பீடு. அதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன், மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் உங்களைச் சுட்டிருக்கும் என்று கலாவதி சொல்கிறாள்.

நாளை திங்கட்கிழமை, முதல் வேலையாகப் பள்ளிக்கூடம் போய் உண்மையைச் சொல்லப் போகிறேன். பிறகு சண்முகநாதன் அண்ணை, பிறகு சிவகலா. இனி என் வாயில் ஒரு பொய்யும் வராது, இது சத்தியம். ஆனால் உண்மையைச் சொன்னால் லீவு கிடைக்காது, பிள்ளைகள் கப்பலை இழப்பார்கள். சொல்லாவிட்டால் கப்பல் கிடைக்கும், பாடனில் நீங்கள் செத்தபடியே இருக்க வேண்டும். எப்படிப் பார்த்தாலும் என் முட்டாள்தனத்துக்கு அந்த இரண்டும்தான் அழப்போகின்றன. எப்படியாவது அவர்களுக்கு லீவு கிடைத்தால், அக்கா, அவர்களையும் கலாவதியையும் கூட்டிக்கொண்டு போங்கள். என்னை விட்டுவிடுங்கள். என் கட்டிலில் இஞ்சியையும் தொப்பிகளையும் வையுங்கள். மாமியோடு திமிங்கிலம் பார்த்தோம் என்று அவர்கள் வந்து சொன்னால் எனக்குப் போதும். நீங்கள் கரடிக்குச் சொன்ன புத்தியை நான் ஒரு நல்ல மனுசிக்கு முன்னால் பாவிக்கவில்லை. நின்ற இடத்தில் நின்று கதைக்காமல் ஓடிவிட்டேன்.

நீங்கள் நூறு வயது தாண்டியும் இருந்து என்னை ஒவ்வொரு நாளும் ஏச வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டுகிறேன். துடக்கு என்று உள்ளே விடமாட்டார்கள், வாசலில் நின்றுதான் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முகத்தில் முழிக்கத் தகுதியற்ற தம்பி,
தயாநிதி

பி.கு.: கடித உறையை ஒட்டிக்கொண்டிருக்கும்போது ரிஷானி வந்து, "ஏனப்பா தபாலிலை அனுப்புறியள்? நான் மாமியோடை ஒவ்வொரு நாளும் கதைக்கிறன்தானே" என்கிறாள். ஒன்பது நாளும்! நீங்கள் சிரித்துச் சிரித்து இருமினீர்களாம். "கொப்பர் தன்ரை கையாலை எனக்கு ஒரு கடிதம் எழுதட்டும், அதுவரைக்கும் மூச்சு விடாதை" என்றீர்களாம். போன புதன்கிழமையே அவள் ஃப்ராவ் ப்ரூனரிடம் போய் முழு உண்மையையும் சொல்லிவிட்டாளாம். நெருங்கிய சொந்தத்தின் அறுபதாவது பிறந்தநாளுக்கு லீவு தரலாம், விண்ணப்பத்தின் இரண்டாவது வரியிலேயே அது இருக்கிறது, உன் அப்பா வாசிக்கவில்லையா என்று அவர் கேட்டாராம். ஒப்பமிட்ட கடிதம் இரண்டு பேருக்கும் வியாழக்கிழமையிலிருந்து அவளுடைய பையில் கிடக்கிறது. என்னையும் வரட்டாம் என்றீர்களாம், ஆனால் மேல் கட்டிலாம். அந்த இருபத்தொரு அட்டைகளையும் மறக்காமல் கொண்டு வரட்டாம், பிறந்தநாளன்று கப்பலில் இருந்து வாசிக்க வேண்டுமாம். ஆகவே மேலே எழுதியது எதுவும் இனித் தேவையில்லை. கிழிக்கப் போனேன், மாமிக்கு வேணும் என்று ரிஷானி பறித்துவிட்டாள்.

ஒன்றை அப்பாவிடம் கேள் என்று சொன்னீர்களாம். "மாமி செத்திட்டா எண்டு சொல்லேக்கை நீங்கள் அழுதனீங்களோ?" என்று கேட்டாள். தொண்ணூற்றாறில் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் வேறொருவனுடைய பாஸ்போட்டில் என்னை ஏற்றிவிடும்போது, "அழாதை தம்பி, அழுதால் பிடிச்சுப்போடுவாங்கள்" என்று என் காதுக்குள் சொன்னீர்கள். அன்றைக்கு நான் அழவில்லை. ஃப்ராவ் ப்ரூனருக்கு முன்னால் நீங்கள் போய்விட்டீர்கள் என்று சொன்ன அந்த நிமிடம், அது பொய் என்று தெரிந்துகொண்டே, விக்கி விக்கி அழுதேன், அக்கா. அந்த மனுசி எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்து தந்தார். அதைப் பார்த்துத்தான் நம்பினார். கடிதத்தில் மேலே அதை எழுத வெட்கமாக இருந்தது.

பிள்ளையிடம் இல்லை என்று சொல்லிவிட்டேன். மேலே செய்த சத்தியத்தையும் அதற்கேற்பத் திருத்தி வாசிக்கவும்.