கலங்கலில் நின்ற மாத்திச்சொல்லு சார்

'தப்பு' என்று முகத்துக்கு நேரே சொன்னால் மனம் குளிர்ந்துபோகிற மனிதரை, நான் சுற்றிய ஊர்களிலேயே ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். உத்திரமேரூர் நெல் மண்டியில் மூட்டை தூக்கி, காலிச் சாக்கில் நான் படுத்துக் கிடந்த நாட்களில் அவர் வந்து சேர்ந்தார். மொழி ஆராய்ச்சியாம். நாங்கள் வைத்த பெயர் மாத்திச்சொல்லு சார்.

செல்போனை வாயருகே நீட்டுவார். "'மாட்ட ஓட்டின பையன் சிரிச்சான்.' சொல்லலாமா?"

"தாராளமா சார்."

"'மாட்ட சிரிச்சான் ஓட்டின பையன்'?"

"அதுவும் நல்லாத்தான் கீது சார்" என்பான் ஏழுமலை. டீ வாங்கித் தருகிறவரிடம் இல்லை என்று சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

சாரின் முகம் தொங்கிவிடும். தமிழில் வார்த்தைகளை இஷ்டத்துக்கு இடம் மாற்றலாம். ஆனால் ஒன்றாய்ச் சேர்ந்து நிற்கும் சில சொற்கட்டுகளுக்குள்ளிருந்து ஒரு வார்த்தையை மட்டும் வெளியே உருவ முடியாது. அந்த வேலி எங்கே இருக்கிறது என்பதைத்தான் அவர் தேடினார். நாங்களோ எல்லா வேலியையும் பிடுங்கிப் போட்டுக்கொண்டிருந்தோம்.

நெல் தூற்றும் கன்னியம்மா மட்டும், "த்தூ, இன்னா பேச்சு இது? எவன் இப்டி பேசுவான்?" என்பாள். சார் அவளைக் கும்பிடாத குறை.

அடைமழையில் ஏரி நிரம்பி, உபரித் தண்ணீர் வெளியேறும் கலங்கல் சுவர்மேல் வழிந்தது. அக்கரையில் யாரிடமோ வாக்கியம் கேட்கக் கிளம்பிவிட்டார் சார். கன்னியம்மாவோடு நாங்களும் கரைவரை போனோம்.

"தாண்டலாமா ஏழுமலை?"

"தாராளமா சார். முட்டிக்கால் தண்ணிதான்."

வாய்ப்பழக்கம். சொன்ன பிறகுதான் அவனுக்கே முகம் வெளுத்தது. அதற்குள் சார் பாதிதூரம். தண்ணீர் இடுப்பைத் தொட்டது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் பள்ளம்.

"வா சார்!" "போ சார்!" "குந்து சார்!" ஆளுக்கொன்று கத்தினோம். சார் கலங்கலில் நட்டிருந்த ஒரு கல்லைப் பிடித்தபடி தள்ளாடினார்.

"நீ சொல்லு கன்னியம்மா! திரும்பலாமா?" என்று கேட்டார் சார்.

"கூடாது! கல்ல கட்டிப் புடிச்சிக்கினு நில்லு! அசஞ்சே, போய்ட்டே!"

நின்றார். வேறு எவன் குரலுக்கும் அசையவில்லை. லோடு கட்டும் கயிற்றை இடுப்பில் சுற்றி, மறுமுனையைக் கரையில் கொடுத்துவிட்டு நான் இறங்கினேன். இரண்டடிக்கு ஒருமுறை கால் வழுக்கியது. செல்போன் போயிற்று, சார் வந்தார்.

ஏழுமலை அழுதுகொண்டே காலைப் பிடித்தான். "நான் சொன்னது தப்பு சார்."

குளிரில் பல் தந்தியடித்தபோதும் சாருக்குச் சிரிப்பு. "ஏழுமலை, உன் வாயால இன்னிக்குத்தான் அத கேக்கறேன்."

அதன்பின் எத்தனையோ ஊர், எத்தனையோ முதலாளி. 'முடியுமா?' என்று கேட்டால் 'ஆகட்டும்' என்று நாக்கு முந்துகிறது. உடனே, கல்லைக் கட்டிக்கொண்டு பதிலுக்காகக் கரையைப் பார்த்த அந்த முகம் வருகிறது. கொஞ்சம் பொறுத்து, உள்ளதைச் சொல்கிறேன்.