ஆறே கால் மைல் மாப்பிள்ளைக்கு

தாகேதா, யாங்கோன் (நம் ரங்கூன்).
ஓட்டம் முடிந்த மறுநாள், திங்கட்கிழமை.

பிரான்சு தேசத்துக் கிராமம் ஒன்றில் காடும் ஏரியும் கால்வாயும் சூழ வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய மாப்பிள்ளை திரு. தேவராஜ் அவர்களுக்கு, தங்கள் மனைவியின் அண்ணன் சின்னத்தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. முருகன் புண்ணியத்தில் நானும் என் வீட்டுக்காரி ராதாவும் சுகம். அங்கே தாங்களும் என் தங்கை அம்சவேணியும் சுகமா? தங்கள் முழங்கால்கள் இரண்டும் சுகமா? இந்தக் கடிதத்தைத் தயவுசெய்து உட்கார்ந்துகொண்டு படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் தங்களுக்குப் பிடிக்காத சேதி வந்தால் உடனே "லைன் சரியில்லை மச்சான்" என்று வைத்துவிடுவது தங்கள் வழக்கம். காகிதத்தை அப்படி வைக்க முடியாது. பாங்காக் போகிற தஸ்தகீர் பாயிடம் கொடுத்து அங்கிருந்து தபாலில் போடச் சொல்கிறேன்.

மாப்பிள்ளை, மூன்று வருடமாக விடிந்தால் போதும், தங்கள் படம் என் போனில் வந்து இறங்கிவிடுகிறது. இன்று காட்டுக்குள் ஓடினேன், இன்று ஏரியைச் சுற்றினேன், இன்று கால்வாய்க் கரையில் ஓடினேன் என்று. நன்றாகத்தான் இருக்கிறது, நான் பொறாமைப்படவில்லை. மரமெல்லாம் வரிசையாக நிற்கிறது, ஏரியில் அன்னம் நீந்துகிறது, கால்வாய்க்குக் கதவு போட்டு மூடி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு எதற்குக் கதவு, யார் திருடிக்கொண்டு போகப் போகிறார்கள் என்று ராதா கேட்டாள். ஒரு படத்திலாவது மனுஷன் உண்டா? நாய் உண்டா? ஊரைக் காலி செய்துவிட்டார்களோ என்று நானே பயந்திருக்கிறேன். அதைவிட எனக்குப் பெரிய குறை ஒன்று உண்டு, அதை இன்று சொல்லிவிடுகிறேன். அந்தப் படங்களை எடுப்பவள் அம்சா. அதனால் ஒரு படத்திலும் அவள் இல்லை. ஒரே ஒரு படத்தில் தரையில் அவள் நிழல் விழுந்திருந்தது. அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிழலைப் பெரிதாக்கினால் என்ன தெரியும், இன்னும் கொஞ்சம் கறுப்புத்தான் தெரிந்தது.

அம்மா காரியத்துக்கு வந்து போனவள், அதற்குப் பிறகு வரவே இல்லை. கூப்பிடும்போதெல்லாம் முதலில் லீவு இல்லை என்றீர்கள், பிறகு முழங்கால் என்றீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஒரு மாதம் ஓடாமல் இருந்தால் உடம்பு கெட்டுவிடும், ரங்கூனில் ஓட இடம் ஏது என்றீர்கள். லான்மடாவ் சந்தில் பிறந்து, என்னோடு தெருவில் பந்து உதைத்து, ஒரு காலில் செருப்போடு வீட்டுக்கு ஓடிய மனுஷர் பேசுகிற பேச்சா இது? அப்புறம் ஐப்பசியில் தாங்களே போன் போட்டு, ஒரே ஞாயிற்றுக்கிழமை அவரவர் ஊரில் இருவரும் பத்து ஓடுவோம், வழியில் காடு, ஏரி, கால்வாய் மூன்றும் இருக்க வேண்டும், குறைவாக ஓடியவர் தோற்றவர் என்றீர்கள். நான் ஜெயித்தால் அம்சாவை மார்கழியில் கூட்டி வருவீர்கள், தோற்றால் இனி வாயைத் திறந்து கூப்பிடக் கூடாது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த நான் அன்றைக்கு எழுந்தவன்தான் மாப்பிள்ளை.

நேற்று விடிகாலையில் கைலியை மடித்து, இரண்டு காலுக்கும் நடுவில் வாரி இடுப்பில் செருகி, புதுக் காலணி மாட்டிக்கொண்டு புறப்பட்டேன். பக்கத்து வீட்டு ஜாபிர் துணைக்குச் சைக்காவை எடுத்துக்கொண்டார். தாங்கள் மறந்திருக்கலாம், சைக்கிளோடு பக்கத்தில் இருக்கை ஒட்டிய நம் ஊர் வண்டிதான். அதில் என் போன், ஒரு துண்டு, பழைய எண்ணெய் டின்னில் குடிதண்ணீர். தெருமுனை தாண்டவில்லை, நாய்கள் எழுந்துவிட்டன. தாங்கள் காட்டில் ஓடும்போது குருவி கூவுகிறது என்று எழுதினீர்கள், எனக்குக் கூவியது வேறு. அந்த ஒரு பர்லாங்கு நான் ஓடிய ஓட்டத்தைத் தாங்கள் பார்த்திருந்தால் அப்போதே டிக்கெட் எடுத்திருப்பீர்கள். அப்படியே பசுண்டாங் ஓடைப் பாலத்தில் ஏறிவிட்டேன். அதுதான் என் கால்வாய். கதவு கிடையாது, சேறும் சம்பான் படகுமாகக் கடலோடு சேர்ந்து ஏறி இறங்குகிற கால்வாய். பாலத்து உச்சியில் மட்டும் ஒரு நிமிடம் நின்று ஜாபிரோடு சின்னதாக ஓர் ஆலோசனை நடத்தினேன். அதன் பிறகு என் வேகம் இரண்டு மடங்காகிவிட்டது.

பாலத்தடியில்தான் கூத்து ஆரம்பித்தது. இப்போதெல்லாம் இங்கே ஒருவர் அவசரமாகப் போனால் உடம்புக்காகப் போகிறார் என்று எவரும் நினைப்பதில்லை. எங்கேயோ மலிவு விலையில் சமையல் எண்ணெய் ஊற்றுகிற வண்டி வந்து நிற்கிறது, இவருக்குச் சேதி தெரிந்துவிட்டது என்றுதான் நினைப்பார்கள். சைக்காவில் எண்ணெய் டின் வேறு. வெற்றிலைக்கடை சைதா கடையை அப்படியே போட்டுவிட்டு, ஒரு பாட்டிலை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். சைதா ஓடுவதைப் பார்த்து மொச்சை விற்கிற அம்மாள் ஓடினாள். அதைப் பார்த்து, தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசிய முகம் பாதி காயாமலே இரண்டு பெண்கள், ஒரு பென்ஷன்காரர், சந்தைக்குப் போன குடும்பம் ஒன்று. ஆளுக்கொரு டின், பாட்டில், தூக்குச்சட்டி. "ஸீ பேமாலே" என்று பர்மிய மொழியில் எண்ணெய் எங்கே எங்கே என்று கேட்டுக்கொண்டு முப்பது நாற்பது பேர். நான் என்ன சொல்வேன்? முன்னால் கையைக் காட்டினேன். நான் முன்னே, கூட்டம் பின்னே. தாங்கள் ஒற்றை ஆளாக மரங்களுக்கு நடுவே ஓடினீர்கள், எனக்குப் பின்னால் ஒரு டவுன்ஷிப் ஓடியது. சந்தோஷத்தில் என் கால் தரையில் பாவவில்லை. ஜாபிருக்குத்தான் பாவம், வியர்த்துக் கொட்டிவிட்டது. எனக்கு ஒரு சொட்டு வியர்வை இல்லை.

காண்டோஜி ஏரிக்கரையில் மீன்குழம்பு மணக்கும் மொஹிங்கா கடை வாசலில் நின்றோம். கூட்டம் சூழ்ந்துகொண்டது. "அண்ணே, பாமாயிலா, கடலையெண்ணெயா?" என்று சைதா கேட்டாள். டின்னைத் திறந்து காட்டினேன். உள்ளே தண்ணீர். மாப்பிள்ளை, அத்தனை பேரும் ஒவ்வொருவராக டின்னுக்குள் எட்டிப் பார்த்தார்கள். தூக்குச்சட்டிகள் கொஞ்சம் மேலே உயர்வதைப் பார்த்தேன். உயிர் பிழைக்க வேண்டுமே என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பந்தயம், பிரான்சு, அம்சா, மார்கழி, எல்லாம். தமிழில் பாதி, பர்மிய மொழியில் பாதி. சொல்லும்போது என்னை அறியாமல் குரல் உடைந்துவிட்டது, அதையும் எழுதிவிடுகிறேன். சைதா என்ன செய்தாள் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் அம்சாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் அல்லவா, பாட்டிலை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"எண்ணெய் கெடக்கட்டும் அண்ணே. வேணி வருவாளா மாட்டாளா, அதச் சொல்லுங்க."

"பத்தும் முடிஞ்சா வருவா."

"அப்ப எதுக்கு நிக்கிறீங்க?"

அவ்வளவுதான். பாதிப் பேர் மொஹிங்கா கடையோடு தங்கிவிட்டார்கள், கடைக்காரருக்கு ஒரே குஷி. மீதிப் பேர், சைதாவைத் தவிர மற்றவர்கள் தங்களையும் அம்சாவையும் கண்ணால்கூடக் கண்டிராதவர்கள், ஏரியைச் சுற்றினார்கள். மிருகக்காட்சிசாலை ஓரத்து மரங்கள்தான் என் காடு. தங்கள் காட்டில் முயல் உண்டு என்று எழுதினீர்கள். என் காட்டில் மதிலுக்கு அந்தப் பக்கம் யானை பிளிறியது. ஏரியில் அந்தப் பொன் படகு மண்டபம் வெயிலில் மின்னியது. சைதா யார் வீட்டுக் கல்யாணமோ என்கிற மாதிரி சிரித்துக்கொண்டே வந்தாள். போனில் பத்து வந்தபோது எல்லோரும் பாட்டிலையும் சட்டியையும் தட்டினார்கள்.

இனிமேல்தான் விஷயம். தாங்கள் ஓடி முடித்து அனுப்பிய படத்தில் இருந்த பத்தையும் என் போனில் வந்த பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். தங்கள் பத்துக்குக் கீழே பொடி எழுத்தில் ஏதோ இருந்தது. ராதாவின் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தால், கிலோமீட்டர். மாப்பிள்ளை, நான் ஓடியது மைல். நம் ஊரில் தூரம் என்றால் மைல்தான் என்பது லான்மடாவில் பிறந்தவருக்குத் தெரியாதா? கணக்குப் போட்டால் தாங்கள் ஓடியது வெறும் ஆறே கால் மைல். கதவு போட்ட கால்வாய், மரம் நட்ட பாதை, நாயில்லாத தெரு, இத்தனையும் இருந்தும் ஆறே கால். நான் முழுசாகப் பத்து. இதில் பேச ஒன்றும் இல்லை. ஜெயித்துவிட்டேன். அம்சாவைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

காலணிக்கு இனி வேலை இல்லை என்பதால் ஜாபிருக்குக் கொடுத்துவிட்டேன். தங்கைக்கு என் அன்பு, தங்களுக்கு என் வணக்கம், தங்கள் முழங்கால்களுக்கு என் அனுதாபம். எல்லா வளமும் பெற்று, இனி மைல் கணக்கில் நீண்ட நாள் வாழ்க.

இப்படிக்கு,
வெற்றி பெற்ற மச்சான்
சின்னத்தம்பி

பின்குறிப்பு: கடிதத்தை ராதாவிடம் படிக்கக் கொடுத்தது என் தப்பு. படித்துவிட்டு, அடக்க மாட்டாமல் சிரித்துவிட்டு, தன் போனை எடுத்து ஒரு படம் காட்டினாள். விமான டிக்கெட். இரண்டு பேருக்கு, மார்கழிக்கு. எடுத்தது ஆடி மாதம். பந்தயம் கட்டியது ஐப்பசி. என்னடி இது என்றேன். "டாக்டர் நடக்கச் சொல்லி ஒரு வருஷமாச்சு. நாற்காலிய விட்டு எந்திரிச்சீங்களா? அதான் தேவராஜ் அண்ணன்கிட்ட சொன்னேன்" என்கிறாள். ஆக, மூன்று பேரும் சேர்ந்து என்னை ஓட விட்டிருக்கிறீர்கள். ரொம்ப சந்தோஷம்.

தாங்கள் இவ்வளவு யோக்கியமாக நடந்துகொண்ட பிறகு நான் மட்டும் மறைப்பானேன்? பாலத்து உச்சியில் ஜாபிரோடு நடத்திய ஆலோசனை, நான் சைக்காவில் ஏறி உட்கார்வது பற்றி. அதன் பிறகு இறங்கவே இல்லை. கூட்டம் ஓடியது சத்தியம், சைதா ஓடியது சத்தியம், ஜாபிர் மிதித்தது சத்தியம். கால் தரையில் பாவவில்லை என்று எழுதினேன் அல்லவா, அதுவும் சத்தியம்.

காலணியை ஜாபிரிடமிருந்து திரும்ப வாங்கிவிட்டேன். விமான நிலையத்துக்குச் சைதாவும் வருகிறாள். அம்சா கதவைத் தாண்டி வெளியே வந்ததும் தாங்கள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கள் மாப்பிள்ளை. அந்தத் தூரத்தை நானே ஓடி வருகிறேன்.