தேக்காவில் திருடனுக்காகக் காத்திருந்தேன்

பிள்ளை பெற்ற பிறகு கல்லூரிக்குப் போகிறவர்கள் எதையும் அளவோடு செய்வதில்லை. இரண்டு பக்கம் கேட்டால் ஆறு பக்கம் எழுதுவோம். (பயம்தான், வேறென்ன!)

குற்றவியலும் நீதித்துறையும் எனக்குத் துணைப்பாடம். கூட்டமான இடத்தில் திருட்டுக்கு எப்படி வாய்ப்பு உருவாகிறது என்று கவனித்து எழுதச் சொன்னார் விரிவுரையாளர். கவனிக்கத்தான் சொன்னார். நான் பொறி வைத்தேன். மறுநாள் அறிக்கை தராவிட்டால் பாடத்தில் தோல்வி.

என் போனின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. தானமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரரின் புதுப் போனை எடுத்துக்கொண்டு, நான்கு வயது மகள் யாழினியோடு தேக்கா உணவங்காடிக்குப் போனேன். போனை ஒரு காலி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு மேசை தள்ளி நோட்டுப்புத்தகத்தோடு உட்கார்ந்தேன்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. பிரியாணித் தட்டோடு நின்றவர்கள்கூட அந்த மேசையில் உட்காரவில்லை. யாரோ இடம் பிடித்து வைத்திருக்கிறார்களாம்! இடம் பிடிக்க மேசையில் வைக்கும் டிஷ்யூ பாக்கெட்டுக்கே மரியாதை கொடுக்கும் ஊர், போனுக்குக் கேட்கவா வேண்டும்?

கடைசியில் நீலச் சட்டைப் பெரியவர் ஒருவர் போனை எடுத்தார். எனக்கு வந்த சந்தோஷம் சொல்லி மாளாது. உயரம், நடை, செருப்பின் நிறம் எல்லாம் எழுதிக்கொண்டே பின்தொடர்ந்தேன். அவர் நேராக வாசலில் நின்ற போலீஸ்காரரிடம் போனார்.

"யாரோ விட்டுட்டுப் போயிட்டாங்க சார். அந்தப் பொண்ணு அப்பலேருந்து இதையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு. இப்ப என் பின்னாடியே வருது லா!"

"உங்க போனா மேடம்?"

"என் வீட்டுக்காரரோடது சார்."

"திறந்து காட்டுங்க."

பாஸ்வேர்ட் தெரியாது. (அதுவரை அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.)

"அவருக்குப் போன் பண்ணுங்க."

"அவர் போன் உங்க கையிலதான் சார் இருக்கு."

"நீங்க எடுத்துட்டு வந்தது அவருக்குத் தெரியுமா?"

யாழினி முந்திக்கொண்டாள். "அப்பா தூங்குறப்ப அம்மா மெதுவா எடுத்தாங்க அங்கிள். என்னை 'ஷ்ஷ்'னு சொன்னாங்க."

படித்த படிப்பு சும்மா விடுமா? "திருட்டுன்னா கெட்ட நோக்கம் இருக்கணும் சார். நான் சம்மதம் இல்லாம எடுத்தேன், அவ்வளவுதான்" என்று விளக்கினேன். அதுவரை திறக்காத தன் குறிப்பேட்டை அவர் அப்போதுதான் திறந்தார்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் செய்து கதவைத் தட்டச் சொன்னேன். வீட்டுக்காரர் சிவந்த கண்களோடு வந்து விரலை வைத்ததும் போன் திறந்தது.

"புகார் ஏதாவது கொடுக்கிறீங்களா சார்?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

அறிக்கையில் எழுதினேன்: "உரிமையாளரின் சம்மதமின்றிப் பொருளை எடுத்தவர்: ஒருவர். பெண். ஆய்வாளர்." தேர்ச்சி பெற்றுவிட்டேன்.

ஆனால் பாலர் பள்ளியில் பெற்றோர் என்ன செய்கிறார்கள் என்று கேட்டதற்கு, "அம்மா திருடப் படிக்கிறாங்க" என்று சொல்லியிருக்கிறாள் யாழினி. அடுத்த பெற்றோர் சந்திப்பில், மேசைமேல் இருந்த தன் போனை ஆசிரியை சிரித்தபடியே இழுப்பறைக்குள் வைத்தார்.

"பூட்டிடுங்க டீச்சர்" என்றார் என் வீட்டுக்காரர்.