தமார் நகரத்தின் மிகப் பத்திரமான துப்பாக்கி

உலகத்தில் துப்பாக்கியைப் பத்திரமாக வைத்திருக்கத் தெரிந்த ஊர் ஒன்றே ஒன்றுதான். அது எங்கள் தமார். அந்தத் தமாரிலும் அது முழுதாகத் தெரிந்த மனிதர் ஒருவரே. அவர் பெயர் முதஹ்ஹர். இந்த இரண்டாவது தகவலைச் சொன்னவர் முதஹ்ஹரே என்பதால் அதைச் சந்தேகிக்க வழியில்லை.

நகராட்சியில் 'பொதுமக்கள் பாதுகாப்பு விழிப்புணர்வுப் பிரிவு' என்று ஒன்று இயங்கி வந்தது. பிரிவு என்றால் ஒரு நாற்காலி, அதில் முதஹ்ஹர். எரிவாயு உருளை, கிணற்று மூடி, துப்பாக்கி ஆகிய மூன்றைப் பற்றியும் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் உரை நிகழ்த்துவது அவர் பணி. துப்பாக்கி உரையின் சிகரம் ஒரே ஒரு வாக்கியம்: "மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி வெறும் இரும்புக் குழாய்." இதைச் சொல்லிவிட்டுக் கைதட்டலுக்காகச் சற்று நிறுத்துவார். ஆசிரியர்கள் முறைத்தால் பிள்ளைகள் தட்டுவார்கள்.

வீட்டிலும் அதே கொள்கைதான். தகப்பனார் விட்டுப்போன கலாஷ்னிகோவ் துப்பாக்கி, விருந்தினர் அறைச் சுவரில் ஆணியில் தொங்கும். தோட்டாக்கள் அடங்கிய மேகசின் சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பின்னால் இருக்கும். இதற்கு 'இரட்டைப் பாதுகாப்பு முறை' என்று பெயர் சூட்டியிருந்தார். மேகசின் இருக்கும் இடம் பரம ரகசியம். எட்டு வயது மகள் லம்யாவைப் பருப்பு எடுத்து வரச் சொன்னால், "மேகசின் பக்கத்துல இருக்கிறதா, உப்புப் பக்கத்துல இருக்கிறதா?" என்று கேட்பாள்.

ஒருநாள் காலையில் தகியா, அதாவது முதஹ்ஹரின் மனைவி, விருந்தினர் அறைக்குள் போனாள். நாலு வயது ஹிம்யர் திண்டின்மேல் திண்டை அடுக்கி ஏறித் துப்பாக்கியை இறக்கியிருந்தான். குழலின் வாயில் ஒரு கண்ணை வைத்து, மற்றதை இறுக்க மூடிக்கொண்டிருந்தான். தகியா சத்தம் போடவில்லை. பின்னால் போய்த் துப்பாக்கியைப் பிடுங்கினாள். அதோடு நேரே முதஹ்ஹரிடம் போனாள்.

"உள்ள பல்லி இருக்கான்னு பாக்குறானாம் உங்க பிள்ளை."

"மேகசின்தான் இல்லையே, தகியா. அது வெறும் குழாய்."

"அப்படியா? வாங்க, நீங்களும் ஒரு கண்ண வச்சுப் பாருங்க. நான் இந்தப் பக்கம் விசைய அமுக்கிப் பாக்குறேன்."

முதஹ்ஹருக்கு அன்று பார்த்து அலுவலகத்தில் அவசர வேலை இருந்தது.

அலுவலகத்திலேயே அவர் 'குடும்பப் பாதுகாப்புக் குழு'வை அமைத்தார். தலைவர் அவர். உறுப்பினர்கள் மனைவி, மக்கள். சாயங்காலம் வீட்டில் கூடிய முதல் கூட்டத்தில், ஆணியை நாலு விரற்கடை உயர்த்தி அடிப்பது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஒருமனதாக நிறைவேறியது. எதிர்ப்பதற்கு ஆள் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தகியா மத்தியானமே தன் அண்ணன் முக்பில் வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். துப்பாக்கி இருக்கும் வீட்டில் பிள்ளைகளோடு இருக்க மாட்டேன் என்று பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

கோபித்துப் போன மனைவியை அழைத்துவர எங்களிடம் சிறப்பான ஏற்பாடு இருக்கிறது. புருஷன் தன் துப்பாக்கியைக் கொண்டுபோய், ஊர்ப் பெரியவர்கள் சபையில் மச்சான் முன்னால் வைக்க வேண்டும். 'தப்பு என்னுடையது, நீங்கள் சொல்கிற தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன்' என்று அதற்குப் பொருள். வைத்த கணத்திலிருந்து அது அவன் துப்பாக்கி இல்லை, சபையின் பிணை. தீர்ப்புக்கு முன்னால் அதில் கைவைத்தால் பெரிய மானக்கேடு. அதற்குத் தண்டம் பதினோரு மடங்கு.

ஆகவே, பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துப்பாக்கி வைத்த குற்றத்துக்குப் பரிகாரமாக, அதே துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, அதே பிள்ளைகள் இருக்கும் இன்னொரு வீட்டுக்கு மறுநாள் மத்தியானம் முதஹ்ஹர் புறப்பட்டார். கடைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம் 'முறை தெரிந்த மனுஷன்' என்று மெச்சினார்கள். அவருக்கும் அப்படித்தான் பட்டது.

வாசலில் தகியா நின்றாள்.

"இதையா கொண்டு வந்தீங்க? இங்கயா?"

"முறைப்படிதான் வந்திருக்கேன்."

"உங்க முறைல தீயை வைக்க." அவள் பெண்கள் பகுதித் திரைக்குப் பின்னால் போய்விட்டாள்.

சபை கூடியிருந்தது. எல்லார் கன்னத்திலும் மென்று அடக்கிய காத் என்னும் போதை இலை உப்பியிருந்தது. முக்பில் துப்பாக்கியை இரண்டு கையாலும் ஏந்தி வாங்கி, மரியாதையாகத் தன் பக்கத்துத் திண்டில் சாய்த்துவைத்தார். தரையிலிருந்து ஒரு முழ உயரம். முக்பிலின் பிள்ளைகளும் முதஹ்ஹரின் பிள்ளைகளும் உள்ளே வெளியே ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹிம்யர் மட்டும் ஓடவில்லை. பழகிய முகத்தைக் கண்டதுபோலத் துப்பாக்கியின் அருகே வந்து உட்கார்ந்துகொண்டான்.

"பாருங்க, ரத்தம் எங்க போகும்?" என்று ஷேக் நாஜி பூரித்தார். சபையில் மூத்தவர் அவர். "முதஹ்ஹரு, என் பேரன் கல்யாண ஊர்வலத்துல நீ வானத்தப் பாத்துச் சுட்ட பாரு, அது சுடறது. ஆனா நடுவுல நிறுத்திட்டியேப்பா."

"பொண்ணோட அம்மா தலைவலின்னு சத்தம் போட்டாங்க, ஷேக். அதான் உடனே மேகசினைக் கழட்டிட்டு..."

முதஹ்ஹரின் கன்னத்தில் இலை அசைவதை நிறுத்தியது. மேகசினைக் கழற்றினார், சரி. துப்பாக்கியின் பக்கவாட்டுக் கைப்பிடியை இழுத்து, உள்ளே ஏறியிருந்த ஒரு தோட்டாவை வெளியே எடுத்தாரா? எடுக்கவில்லை. இத்தனை வருஷமாக ஊருக்கு நிகழ்த்திய உரையில் அந்த ஒன்று மட்டும் இருந்ததே இல்லை.

"மச்சான், அந்தத் துப்பாக்கிய ஒரு தடவ பாத்துக்கவா?"

"குடுத்த பிணையப் பாக்குறதா? ஏன், என் மேல நம்பிக்கை இல்லையா?"

"நம்பிக்கை இருக்கு மச்சான். உள்ள வந்து..."

"உள்ள என்ன?"

தோட்டா என்று ஒரே சொல். பாதுகாப்பு அதிகாரியின் வாயில் அது வரவில்லை. நகராட்சி, நாற்காலி, பள்ளிக்கூடங்களின் கைதட்டல் எல்லாம் சேர்ந்து குறுக்கே நின்றன.

"உள்ள... பல்லி கில்லி இருக்கும்," என்றார்.

சபை கைகொட்டிச் சிரித்தது. ஹிம்யர் சிரிக்கவில்லை. பல்லி என்றதும் முழங்காலிட்டு, குழலின் வாய்க்கு முகத்தைக் கொண்டுபோனான்.

முதஹ்ஹருக்கு அந்த நேரத்தில் தன்னைப் போல் ஒரு கேவலமான பிராணி தமாரில் இல்லை என்று தோன்றியது. அதில் உண்மையும் இருந்தது. அவர் பாய்ந்தார். தேநீர்க் கோப்பைகள் உருண்டன. ஒரு கையால் மகனைத் தள்ளி, மறு கையால் துப்பாக்கியைச் சுவர்ப் பக்கம் திருப்பி, விசைத் தடையை இறக்கிக் கைப்பிடியை இழுத்தார். பளபளவென்று ஒரு தோட்டா துள்ளி வெளியே வந்து, இலைக் குப்பைக்குள் விழுந்தது.

சபை எழுந்தது. கைகள் இடுப்புக் கத்திகளுக்குப் போயின.

"தொட்டுட்டான்," என்றார் முக்பில். குரல் உடைந்திருந்தது. "என் வீட்ல, என் கண்ணு முன்னால, பிணையத் தொட்டுட்டான்."

விவாதம் பிற்பகல் அஸர் தொழுகையைத் தாண்டியும் நீண்டது. தொட்டது ஒரு குற்றமா, தொட்டது ஒன்று இழுத்தது ஒன்று என இரண்டு குற்றமா என்பதைச் சான்றோர்கள் நுணுக்கமாக ஆராய்ந்தார்கள். தோட்டாவைப் பற்றி யாரும் பேசவில்லை. அது நிகழ்ச்சி நிரலில் இல்லை. முடிவில் தீர்ப்பு வந்தது. பதினோரு மடங்கு, அதாவது பதினோரு துப்பாக்கிகள். அவற்றை முதஹ்ஹர் கொண்டுவந்து முக்பில் வீட்டில் ஒப்படைக்க வேண்டும். அதன் பிறகு மனைவியை அழைத்துப் போகலாம்.

"பதினொண்ணையும் எங்க மாட்டுறது? இருக்கிற ஆணி பத்தாதே," என்று முக்பில் கவலைப்பட்டார்.

"பிள்ளைங்க படுக்குற அறையில சுவர் காலியாத்தானே கிடக்கு," என்றார் ஒருவர்.

உயிர் திரும்பிய முதஹ்ஹருக்கு உத்தியோகமும் கூடவே திரும்பியிருந்தது. "அடிக்கும்போது நாலு விரற்கடை உயர்த்தி அடிங்க மச்சான். பிள்ளைங்க இருக்கிற வீடு," என்று ஆலோசனை வழங்கினார்.

அப்போது திரை விலகியது. ஹிம்யரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு தகியா வந்து நின்றாள்.

"தீர்ப்பு முடிஞ்சுதா, அண்ணே?"

"முடிஞ்சுதும்மா. எல்லார் மானமும் தப்பிச்சுது."

"அந்தத் தோட்டா எங்க?"

சான்றோர்கள் கீழே குனிந்தார்கள். திண்டுகளைத் தூக்கினார்கள், இலைக் குப்பையைக் கிளறினார்கள். ஷேக் நாஜி தலைப்பாகையை அவிழ்த்து உதறிப் பார்த்தார். முதஹ்ஹர் மண்டியிட்டுக் கம்பளத்துக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார்.

தகியா உள்ளங்கையைத் திறந்தாள். தோட்டா எச்சில் ஈரத்தோடு இருந்தது.

"இவன் வாய்க்குள்ள இருந்து எடுத்தேன். நீங்க கணக்குப் போட்டுக்கிட்டு இருந்தீங்க." அவள் குரல் உயரவில்லை. "ஒரு துப்பாக்கியத் தொட்டதுக்குப் பதினோரு துப்பாக்கி. சரி. இவன் போயிருந்தா எனக்கு எத்தன பிள்ளை குடுப்பீங்க? யார் யார் வீட்ல இருந்து குடுப்பீங்க? ஷேக், நீங்களே சொல்லுங்க."

ஷேக் நாஜி தலைப்பாகையை நிதானமாகச் சுற்றிக் கட்டினார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார். இந்தக் கேள்விக்கு நம் முன்னோர் வழக்கத்தில் விடை எதுவும் இல்லை என்றும், ஆண்கள் சபையில் பெண் வந்து கேள்வி கேட்பது தவறு என்பதற்கு மட்டும் விடைகள் நிறைய உண்டு என்றும் அறிவித்தார்.

சபை தலையாட்டியது. முதலில் ஆடிய தலை முதஹ்ஹருடையது.